வரிசையில் தள்ளுகிற பையன்

சுங்கை சிப்புட்

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. தோட்டத்து மண்ரோடு முழுக்கச் சேறு.

உன் இரண்டாம் ஆண்டு வகுப்பில், உணவு வரிசையில் தள்ளுகிற, விளையாட்டில் தோற்றால் பென்சிலை ஒடிக்கிற பையனைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் அவன் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரி. அந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடிகாலை 5 மணிக்கு எழுந்து பஸ் ஏறுகிற பிள்ளை இரவு 8 மணிக்காவது படுக்க வேண்டும். அப்பா அம்மா ஷிப்ட் வேலை பார்க்கிற வீட்டில் அது லேசில்லை. ஓய்வுநேரத்துக்குச் சற்று முன்புதான் அடிதடி என்றால் பசியாக இருக்கலாம். ஆர்.எம்.டி., அதாவது வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவசமாகத் தரும் உணவு, அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதா பார்.

அவன் கத்துகிறபோது புத்தி சொல்லாதே, காதில் ஏறாது. குரலைத் தாழ்த்தி, "கோபமா இருக்க, தெரியுது. நான் இங்கேயே இருக்கேன்" என்றால் போதும். சொல்லிக்கொடுப்பதெல்லாம் காலையில், எல்லாரும் அமைதியாக இருக்கும்போது, ஐந்து நிமிடம், வகுப்பு முழுவதற்கும். அவனை மட்டும் தனியே கூப்பிட்டால் தண்டனை என்றே நினைப்பான்.

மூச்சுப் பயிற்சியில் பலரும் "நல்லா இழு" என்கிறார்கள். பிள்ளைகள் தோளைத் தூக்கி வேகவேகமாக இழுத்து, தலைசுற்றி உட்காருகிறார்கள். அமைதி தருவது வெளிவிடும் மூச்சு. மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி மெதுவாக ஊதட்டும். ஐந்து முறை போதும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரலை மடக்கினால் எண்ணிக்கை தவறாது.

கையை அடக்கப் பழக்க நம் "காக்கா பற பற" விளையாட்டைவிட நல்லது எனக்குத் தெரியாது. "கிளி பற பற" என்றால் கை தூக்க வேண்டும், "மாடு பற பற" என்றால் தூக்கக் கூடாது. தூக்க வந்த கையை நிறுத்துகிறானே, அதுதான் பயிற்சி. பழகியதும் வேகத்தைக் கூட்டு. பிறகு "தலை" என்றால் காலையும் "கால்" என்றால் தலையையும் தொடச் சொல். தப்பு செய்தவனை வெளியேற்றாதே. பயிற்சி அதிகம் தேவைப்படுகிறவன்தான் முதலில் வெளியே போவான்.

வரிசைக்கு ஒரு திட்டம் வேண்டும். "தள்ள மாட்டேன்" என்று சொல்லவைத்தால் உதவாது, என்ன செய்வது என்பது அதில் இல்லை. "யாராவது இடிச்சா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, 'இது என் இடம்'னு சொல்வேன்." இதை வகுப்பிலேயே வரிசை நிற்கவைத்து, ஒருவர் லேசாக இடிக்க, நடித்துப் பார்க்கட்டும். ஏமாற்றம், பொறாமை, அவமானம், எரிச்சல் என்ற சொற்களையும் கூடவே பழக்கு. எல்லாவற்றுக்கும் "கோபம்" என்கிற பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் கைதான் நீளும்.

தலையணையைக் குத்தச் சொல்லும் யோசனையை விட்டுவிடு. குத்தக் குத்தக் கோபம் கூடத்தான் செய்யும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது நம் வாக்கு. 2013-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்றார்கள். அதற்குமுன் நல்ல வண்ணப்பொருள் தருகிறேன் என்று சொல்லிக் கொண்டுவந்தவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவரிடம் மூன்றே நிமிடம். "நாளைக்கு உன் முறை" என்று சொன்னால் அதை எழுதிவைத்து, மறுநாள் மறக்காமல் கொடு. வாக்கு பொய்த்தே பழகிய பிள்ளை கையில் கிடைத்ததைப் பறிப்பதில் என்ன தவறு, சொல்?

மூன்று வாரத்துக்கு, எந்த மணிக்குத் தள்ளினான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யார் பக்கத்தில் என்று மட்டும் குறித்து அனுப்பு. அதைப் பார்த்து மேற்கொண்டு யோசிப்போம்.

அன்புடன்,
மாலா