ஹெரால்டு வாங்கலாமா?

மதுரை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. பஸ் போர்டெல்லாம் தூரத்திலேயே தெரிகிறது.

சரி, வத்தலக்குண்டில் விலைக்கு வரும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதே. கீழே படுத்து சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பார்.

அந்தக் காரின் கதையே சேசிஸில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953-ல் போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கைக்குப் போய்விட்டது. சேசிஸ் இல்லாத, ஒரே கூடான பாடியை அடித்துத் தர வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் பழையபடி தனி சேசிஸ் போட்டு, அங்கங்கே வாங்கிய பாடித் துண்டுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த அழகில் இந்த ஒட்டுவேலை எடுபட்டுவிட்டது. 1959-ல் அங்கே வந்த கார், 1961-லிருந்து நம் வண்டலூரில் தயாரானது.

தெப்பக்குளம் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்று நிற்கிறது. இரண்டு பக்கக் கொக்கியையும் எடுத்து, போனட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்தால் என்ஜின், முன்சக்கரம் எல்லாம் வெட்டவெளி. மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றுகிறார்! ஸ்டியரிங்கும் அப்படித்தான், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாசி வீதி ஆட்டோக்காரர்களே பொறாமைப்படுவார்கள்.

பின்பக்கம்தான் எனக்குப் பிடிக்காது. குறுக்கே ஒரே பட்டைக்கட்டு (லீஃப் ஸ்பிரிங்), இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும். ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய பூனையின் கால்போல சக்கரங்கள் உள்ளே மடங்கித் தொங்கும். வேகமாக வளைவில் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் ரோட்டிலும் அதே வேலையைக் காட்டும். 1972-ல் இதே கம்பெனி கொண்டுவந்த கெசல் காரில் இதை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் நேர் ஆக்சில் போட்டார்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் உன் பழைய வேகம் வேண்டாம்.

அப்புறம், சேசிஸிலிருந்து கதவுக்குக் கீழே பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். கறுப்பு பெயின்ட்டில் மறைத்திருப்பார்கள். சின்னச் சுத்தியலால் தட்டு. மொத்தென்று கேட்டால் விலையைப் பாதியாகக் கேள். மட்கார்டு, கதவு நசுங்கியிருந்தால் கவலைப்படாதே, கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டறைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ராமு