பெட்டியில் போட்ட வேகமும் கடைசி நாற்காலி வேகமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுவலகத்துக்கு வைஃபை அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியில் உள்ள வேக எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். புதிய கருவிகள் பற்றிய செய்திகளிலும் அந்த எண்தான் பெரிதாக வருகிறது. அதை எப்படிப் படிப்பது என்றும் பத்திரிகைகள் இரண்டு வரி சேர்த்துப் போட்டால் நல்லது.

உதாரணத்துக்கு, பெட்டியில் இருக்கும் ‘ஏஎக்ஸ்3000’ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 574 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402 மெகாபிட்டையும் கூட்டி, தோராயமாக்கிய எண். வைஃபை 6 லேப்டாப் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இணையும். அந்த 2402-ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் வரும். அதாவது தலா 20 மெகாஹெர்ட்ஸ் கொண்ட எட்டு சேனல்களின் இடத்தை ஒரே கருவி பிடித்துக்கொள்ளும். மாடிக்கு மாடி அலுவலகம் இருக்கும் கட்டடத்தில் 40 மெகாஹெர்ட்ஸே போதும், நெரிசல் என்றால் 20. 2.4-ல் 20-ஐத் தாண்டவே கூடாது. 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றில் வையுங்கள். கருவியின் கேபிள் போர்ட் 1 கிகாபிட் என்றால், பெட்டியில் எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் அதற்கு மேல் கேபிளில் போகாது.

கருவியின் அடியில் நின்று, செல்போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டுவது சோதனையே அல்ல. அது அளப்பது இன்டர்நெட் லைனை. நெட்வொர்க் ஸ்விட்ச்சில் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) கேபிளால் இணைத்த ஒரு கம்ப்யூட்டரில் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை, ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒன்றாக, தனித்தனி போர்ட் எண்ணில் சர்வராக ஓட விடுங்கள். எட்டுப் பத்து லேப்டாப்களை ஊழியர்கள் உட்காரும் இடங்களிலேயே வைத்து, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் இரு திசையிலும் ஓட்டுங்கள். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கடைசி நாற்காலியை விட்டுவிடாதீர்கள். அந்தச் சமயத்தில் இன்னொரு லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டால் உண்மை தெரிந்துவிடும். சும்மா இருக்கும்போது சில மில்லிசெகண்டில் வந்த பதில், நெரிசலில் நூற்றுக்கணக்கில் ஏறினால் வீடியோ மீட்டிங்கில் குரல் அறுந்து அறுந்துதான் வரும்.

இரண்டு கருவிகள் இருந்தால் பிங் ஓடும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றின் பக்கம் நடந்து பாருங்கள். ஒன்றிரண்டு பதில் தவறினால் குறையில்லை. பல வினாடி நின்றுபோனால் அமைப்பில் கோளாறு. எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது செல்போன்தான், அக்சஸ் பாயின்ட் அல்ல. அக்சஸ் பாயின்ட்டின் சிக்னல் பவரை முழுதாக வைத்துவிட்டால் போன் தூரத்துக் கருவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். போனின் சின்ன ஆன்டெனா திருப்பிப் பேசுவது அங்கே சரியாகக் கேட்காது. பவரைக் குறைப்பதுதான் மருந்து. நம்ப மறுப்பவர்கள்தான் அதிகம்.

மின்சாரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய பி.ஓ.இ. (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் தரும் முறை) ஸ்விட்ச் போர்ட்டில் 15.4 வாட் கிளம்பும். கருவிக்குச் சேர்வதாகக் கணக்கில் கொள்வது 12.95. அடுத்த தரத்தில் 30 வாட் கிளம்பினால் 25.5 சேரும். கூடுதல் மின்சாரம் கேட்கும் மாடலைப் பழைய போர்ட்டில் செருகினாலும் விளக்கு எரியும், வைஃபையும் வரும். ஆனால் பல மாடல்கள் சத்தமில்லாமல் சில ஆன்டெனாக்களை நிறுத்திவிடும். ஸ்விட்ச்சின் மொத்த வாட்டையும் பாருங்கள்: 60 வாட் ஸ்விட்ச்சில் 20 வாட் இழுக்கும் நான்கு கருவிகள் ஓடாது. ஸ்விட்ச், ரவுட்டர் இரண்டையும் யு.பி.எஸ்.ஸில் போட்டால் கரன்ட் போனாலும் வைஃபை நிற்காது.

மலிவுக் கேபிளில் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். அது சூடாகும், தூரம் போனால் வோல்டேஜ் இறங்கும், கருவி நாளுக்கு நாலு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழியோ அக்சஸ் பாயின்ட் மேல் விழும். கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்தச் சுருளைக் கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.

லைசென்ஸ் முடிந்தால் கருவி நின்றுவிடுமா, கருவியை நிர்வகிக்கும் கிளவுட் சர்வரின் தொடர்பு அறுந்தால் வைஃபை ஓடுமா, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். விருந்தினர் வைஃபையைத் தனி விலேனில் (ஒரே கேபிளமைப்புக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிரித்துவிட்டு, விருந்தினர் போனிலிருந்து அலுவலக பிரின்டரின் ஐபிக்கு பிங் போடுங்கள். பதில் வந்தால் பிரிக்கவில்லை என்று பொருள். லாக் விவரங்களை (கருவியில் நடப்பவற்றின் பதிவுகள்) வெளி சர்வருக்கு அனுப்பும் வசதியும் வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி நிறுவனங்கள் அவற்றை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பொறியாளர்,
கோயம்புத்தூர்