ஒரு பெயின்ற்காரனின் பதில்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பன்னிரண்டு அறை வேலை, இரவு வந்து படுத்தால் கையைத் தூக்க முடியவில்லை, அதனால்தான் பிந்திப்போனது, கோபிக்காதே.

கொரோனாக் காலத்தில் உனக்கு லண்டனில் பெயின்ற் வேலை குவிந்தது என்று எழுதியிருந்தாய். முதலில் நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. சனம் வீட்டுக்குள் கிடந்து சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்து, சுற்றுலாவுக்கு வைத்திருந்த காசில் அறைகளை மாற்றினார்களாம், 2020 ஜூலையில் வீடு வாங்குகிறவர்களுக்கு முத்திரை வரியைக் குறைத்ததும் வீடு மாறுகிற கூட்டமும் சேர்ந்துகொண்டதாம், பிளாஸ்டருக்கே தட்டுப்பாடாம். கொடுத்து வைத்தவனடா நீ.

இங்கே திருகோணமலையில் நடந்ததைக் கேள். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. லிங்கநகரில் ஒரு கல்யாண வீடு. ஹோலுக்கு, சுவரை மட்டமாக்குகிற புட்டியை இரண்டாம் தரம் போட்டு முடித்து, காயட்டும், நாளைக்கு வந்து சாண்ட் பேப்பர் பிடிக்கிறோம் என்று ஏணியையும் பலகையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு. நாளைக்கு என்றது மாதக்கணக்காகிவிட்டது. இடையிடையே தளர்த்தினார்கள்தான், ஆனால் அரிசி பருப்பு வாங்க வரிசையில் நிற்கவே அந்த நேரம் போதாது. கடைசியில் கல்யாணம் கோயிலில் பத்துப் பதினைந்து பேரோடு முடிந்தது. ஏணியை எடுக்கப் போனேன். "தம்பி, இனி ஆர் வரப்போகினம், புட்டியோடயே கிடக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது எனக்கு இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. யோசித்துப் பார், நம் ஆட்கள் எப்போது பெயின்ற் அடிக்கிறார்கள்? கல்யாணம், சாமத்திய வீடு, பொங்கல், பிறகு ஆகஸ்டில் நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது. எல்லாம் வருகிற சனத்தின் கண்ணுக்கு. வருகிறவர்களை நிறுத்தியதும் என் தொழிலும் நின்றது. 2021இல் கிடைத்த வீட்டு வேலையில் ஒன்றைச் சொன்னால் சிரிப்பாய்: ஒரு ரியூசன் வாத்தியாருக்கு ஒரே ஒரு சுவர், சூமில் அவருக்குப் பின்னால் தெரிகிற சுவர் மட்டும். கமெராவுக்குத் தெரியாத மற்ற மூன்றும் பழைய பச்சையிலேயே இருந்தன!

ஹோட்டல் பக்கம் இன்னும் மோசம். 2019 ஈஸ்டர் குண்டுகளோடு விழுந்தவர்கள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தார்கள். உப்புவெளி, நிலாவெளிக்கு சீசன் மே மாதம் தொடங்கும் என்பது உனக்குத் தெரியும், மாரி முடிந்து சுவர் காய்ந்த பிறகு பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் எங்களுக்கு அறுவடை. ஊரடங்கு சரியாக அதற்குள் வந்து விழுந்தது. 2021 ஜனவரியில் வெளிநாட்டுக்காரருக்கு விமான நிலையத்தைத் திறந்தார்கள், சிலர் ஆசைப்பட்டு வேலையைத் தொடங்கினார்கள், மேயில் திரும்பவும் பயணத் தடை. என்னோடு நின்ற நான்கு பொடியன்களில் ஒருவன் கடலுக்குப் போனான், இன்னொருவன் முச்சக்கர வண்டியில் மரக்கறி விற்றான். அவன் திரும்பி வரவே இல்லை, அதில்தான் வருமானம் கூட என்கிறான்.

பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்தபோதுதான் விளங்கியது. ஏசி ஓடாமல், யன்னல் திறக்காமல், கடற்கரை ஈரத்தில் இரண்டு மாரி கிடந்த அறை. சீலிங் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், கீழ்ச்சுவரில் உப்புப் பூத்து பெயின்ற் அப்பளம்போல் எழும்பி நிற்கிறது. முதலாளிமார் ஒரு கோட் அடித்து மறைத்துவிடு என்பார்கள். மறையாது மச்சான், ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப எழும்பும். சுரண்டி, பூஞ்சண மருந்து போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்துத்தான் மற்றது.

சரி, வேலை வந்ததே என்று மூச்சு விட, 2022 வந்தது. மார்ச்சில் இருநூறு ரூபாயில் நின்ற டொலர் மே மாதமாகும்போது முன்னூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. காலையில் விலை கேட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் பின்னேரம் பெயின்ற் வாளியின் விலை வேறு. எனாமல் பிரஷ் கழுவ மண்ணெண்ணெய் இல்லை, மீன்பிடிக்காரர்களே அதற்கு வரிசையில் நிற்கும்போது நான் எந்த முகத்தோடு கேட்பது? கேட்டு வந்தவர்கள் நிறைய, விலையைக் கேட்டதும் போனவர்கள்தான் அதிகம்.

இப்போது பரவாயில்லை. போன கிழமை உன் அம்மாவைப் பார்த்தேன். வெள்ளையே போதும் என்றார், பிறகு வாசல்படி வரை வந்து, அவன் ஆகஸ்டில் வந்தாலும் வருவான், முன்பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் என்ன என்று கேட்டார். மேற்குச் சுவரைச் சுரண்டவே இரண்டு நாள் வேண்டும், மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்புவதற்குள் விடிய வெள்ளனவே அடித்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புழுதி ஒட்டும். டிக்கெட் போட்டதும் திகதியை எழுது.

அன்புடன்,
உன் மச்சான்,
திருகோணமலை