நான்கு விதை போட்டால் நான்கு செடி கிடைக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழவாசனை தரும் கலப்பினக் கஞ்சாவை வீட்டில் வளர்க்க விரும்புவோர் சாதாரண விதைகளில் நான்கை வாங்கி ஊன்றினால் போதும் என்று தங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பகுதியில் அண்மையில் படித்தேன். அந்த ஆலோசனை கனடாவின் சட்டத்தோடும் பொருந்தவில்லை, செடியின் இயல்போடும் பொருந்தவில்லை.

2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் நடைமுறையில் உள்ள சட்டம், ஆளுக்கு அன்றி வீட்டுக்குத்தான் நான்கு செடிகளை அனுமதிக்கிறது. கியூபெக்கில் அதுவும் இல்லை. அம்மாகாணத்தின் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்துவிட்டது. ஒன்ராறியோவில் வாழும் நமக்கு நான்கு உண்டு. ஆனால் அந்த நான்கில் ஆண் செடியும் சேர்த்தே எண்ணப்படும்.

ஊரில் பப்பாசி நட்டவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஒரே குழியில் மூன்று நான்கு கன்றுகளை வைத்து, பூத்தபின் ஆணை வெட்டிவிட்டு, காய்க்கும் மரத்தை மட்டும் விடுவோம். கஞ்சாவிலும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளே; நமக்கு வேண்டியது பெண் செடியின் விதை பிடிக்காத பூ. சாதாரண விதையில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே முளைக்கும். பப்பாசிக்குச் செய்வதுபோல் கூடுதலாக ஊன்றிப் பிறகு கழித்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தராது. நான்கும் பெண்ணாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான். நான்கும் ஆணாகிவிடும் வாய்ப்பும் அதே அளவு.

முதல் ஆண்டில் எனக்கு இரண்டு ஆண் செடிகள் வந்தன. கணுக்களில் சிறு உருண்டை மொட்டுகள் தெரிந்தால் ஆண், இரண்டு வெள்ளை இழைகள் நீட்டினால் பெண் என்று அறிந்திருந்தும், ஓகஸ்டில் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்புவதற்குள் ஒரு மொட்டுக்கொத்து வெடித்துவிட்டது. மகரந்தம் காற்றில் பரவுவது. என் பெண் செடிகளின் பூக்கள் விதையால் நிறைந்ததோடு, பக்கத்து வளவில் வளர்த்தவரின் பூக்களிலும் விதை பிடித்தது. அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பழவாசனையைப் பற்றியும் ஒரு சொல். தோடம்பழத் தோலில் இருக்கும் லிமோனீன், மாம்பழத்தில் இருக்கும் மிர்சீன் போன்ற, டெர்பீன்கள் எனப்படும் மணப்பொருட்கள் இதற்குப் பங்களிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் கலப்பின விதைகள் பல மரபில் நிலைப்படுத்தப்படாதவை ஆகையால், ஒரே பொதியிலிருந்து முளைத்த உடன்பிறப்புகளே உயரத்திலும் முதிரும் காலத்திலும் மணத்திலும் வேறுபடும். பொதியில் அச்சிட்ட பழத்தின் பெயரை விற்பவரின் ஆசையாகவே கொள்ள வேண்டும். போதாததற்கு, அறுத்த பூவை வெயிலிலோ சூட்டிலோ அவசரமாகக் காயவைத்தால் உள்ள மணமும் பறந்துவிடும்.

சாதாரண விதை வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. வெள்ளிச் சேர்மங்களால் பெண் செடியை மகரந்தம் தரச் செய்து பெறும், ஏறத்தாழ எல்லாம் பெண்ணாகவே முளைக்கும் 'பெண் விதை'யையே எல்லோரும் நட்டால், புதுக் கலப்பு செய்வோருக்கு ஆண் செடி எங்கிருந்து வரும்? ஆனால் அது பொறுமையும் தனியிடமும் உடையவர்களின் வேலை. நான்கு தொட்டிகளும் ஒரு கோடையும் மட்டும் உள்ளவர்கள், உரிமம் பெற்ற கடையில் பெண் விதையை வாங்குவதே தகும். இத்திருத்தத்தை அடுத்த இதழின் அதே பகுதியில், விதை முளைக்கவைக்கும் பருவத்துக்கு முன்னரே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ