தரகு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் பங்கு வாங்கத் தொடங்கும் நம் இளையோர், தரகுக் கட்டணத்தை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். என் மகன் 500 ரிங்கிட்டுக்குப் பங்கு வாங்கியபோது, குறைந்தபட்சக் கட்டணமாக 8 ரிங்கிட், அதாவது 1.6 விழுக்காடு, பிடிக்கப்பட்டிருந்ததைக் கணக்கறிக்கையில் கண்டேன். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த விழுக்காடு வேறு. அதைவிட முக்கியமானது, பங்குகள் நம் பெயரிலுள்ள சிடிஎஸ் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் மத்திய வைப்புக் கணக்கு) சேர்கின்றனவா அல்லது நம் சார்பில் பங்குகளை வைத்திருக்கும் நாமினி நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றனவா என்பதாகும். நாமினி கணக்கென்றால் பங்குதாரர் கூட்டத்தில் நாம் நேரடியாக வாக்களிக்க இயலாது. வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளை நம்பிப் பணம் கட்டுவோர், முதலில் மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷன் மலேசியாவின் உரிமப் பட்டியலையும் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். இவ்விளக்கங்களைத் தங்கள் நாளிதழ் எளிய தமிழில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.