காய்ச்சல் கணக்கு வார்டு வாரியாக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே டெங்கு, எலிக்காய்ச்சல் என்று வரிசைகட்டி வரும். அப்போதெல்லாம் மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஒரு எண் செய்தியில் வரும், சரி, அதை வைத்துக்கொண்டு என் தெருவில் நான் என்ன செய்வது?

சிங்கப்பூரில் 150 மீட்டர் தூரத்துக்குள் 14 நாட்களில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தாலே அந்தத் தெருவின் பெயரை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள், எண்ணிக்கை பத்தைத் தொட்டால் சிவப்பு எச்சரிக்கை. நம் நாட்டிலும் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, தகவலும் திரட்டுகிறார்கள். ஆனால் அது வார்டு வாரியாக, வாராவாரம் மக்கள் கண்ணில் படவேண்டாமா? டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள், பத்து நாள் போதும், அதற்குள் சேதி வந்தால்தானே பிரயோஜனம்.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டிரம்மை எட்டிப் பார்த்து மருந்து ஊற்றுகிறார்கள், பாவம், அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் முட்டை தண்ணீர்மட்டத்துக்கு மேலே டிரம்மின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். இதை எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்?

அப்புறம், தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போகும் காய்ச்சல்காரர்கள் எல்லாரும் கணக்கில் வருகிறார்களா? அவர்களையும் சேர்த்து, இந்த மழைக்காலத்திலேயே வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்