உன் காலில் இருக்கும் அந்தத் தழும்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று வீடியோவில் பேசினபோது இடது கன்னத்தைக் காட்டாமலே பேசி முடித்துவிட்டாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். "கன்னத்துல என்னம்மா?" என்று கேட்டதற்கு, "சின்னப் பருதான்பா, எலுமிச்சம்பழத்தத் தேய்ச்சேன், கொஞ்சம் எரியுது, எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் கதைக்குத் தாவிவிட்டாய். அந்தக் கடைசி வார்த்தை என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. அது உன் வார்த்தை இல்லையம்மா, என்னுடையது. உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் சொன்னது.

போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் வலது கணுக்காலுக்குக் கீழே உள்பக்கத்தில் காசளவு வெளுத்த தழும்பு ஒன்று இருக்கிறதே, யார் கேட்டாலும் "சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது" என்பாய். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. அந்த இடத்தில் உனக்கு ஒரு மரு இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, வலி கிடையாது. அம்மா வேலை விஷயமாக நான்கு நாள் வெளியூர் போயிருந்தாள். பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் மரு உதிர்ந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அம்மா திரும்பி வருவதற்குள் காலைச் சரியாக்கிக் காட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. இரண்டு பல் பூண்டை நசுக்கி வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி, நகராமல் இருக்க சாக்ஸும் மாட்டிவிட்டேன்.

ராத்திரி அழுதாய். "எரியுதுப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் மேலே எழுதிவிட்டேனே. தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தேன். காலையில் பிளாஸ்டரைப் பிரித்தால் மரு அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பெரிய கொப்பளம். பிரிக்கும்போதே அது உடைந்து, நனைந்த தாள் மாதிரி தோல் பிளாஸ்டரோடு வந்துவிட்டது. உள்ளே ரத்தச் சிவப்பு.

டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே "பூண்டா?" என்பதுதான். அவருக்கு இது புதிதில்லை போல. பூண்டை நசுக்கும்போது அல்லிசின் என்று ஒரு கந்தகப் பொருள் உண்டாகும், அதைத் தோல்மேல் வைத்து மூடிக் கட்டினால் சுடுதண்ணீர் கொட்டின மாதிரியே வெந்துவிடும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதைவிட என்னை உறுத்தியது அவர் அடுத்துச் சொன்னது. மரு ஒரு வைரஸால் வருவது, குழந்தைகளுக்கு வரும் மருக்களில் மூன்றில் இரண்டு பங்கு 2 வருஷத்துக்குள் தானாகவே போய்விடும், சும்மா விட்டிருக்கலாம் என்றார். அதே மாதிரிதான் ஆயிற்று. புண் ஆறின பிறகும் மரு இருந்தது, அப்புறம் எப்போது உதிர்ந்தது என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. யோசித்துப் பார். அது தானாக உதிரவேண்டிய வாரத்தில் நான் பூண்டைக் கட்டியிருந்தால், இன்றைக்கு நான் ஊரெல்லாம் பூண்டு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பேன். கைவைத்தியங்களில் பாதிக்குப் பேர் கிடைத்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். தோலில் வரும் சின்னத் தொந்தரவுகள் பெரும்பாலும் தானாக அடங்குகிறவை. அடங்குகிற நேரத்தில் பக்கத்தில் எது இருந்ததோ அதற்கு நல்ல பேர். வெந்துபோனவர்கள் மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. நானே இத்தனை வருஷம் சொல்லவில்லை பார்.

இனி உன் எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். நம் தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். அதில் தோல் சுமார் 5 என்று வைத்துக்கொள். எலுமிச்சைச் சாறு 2. மூன்று படிதானே என்று நினைக்காதே, அந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆக ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கிற இடத்தில் அதைத் தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்? எரிச்சல் என்பது தோல் போடுகிற கூச்சல், அவ்வளவுதான்.

எரிச்சல்கூடப் போய்விடும். இன்னொன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது. எலுமிச்சை, நாரத்தை வகைப் பழங்களில், முக்கியமாக அவற்றின் தோலில், சோராலென் என்ற வகைப் பொருள்கள் உண்டு. அவை தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். அதுவும் உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிவக்கும், கொப்பளிக்கும். அதற்குள் எலுமிச்சையை மறந்துவிட்டு, புதுச் சோப்பின் மேலோ தலையணை உறையின் மேலோ சந்தேகப்படுவோம். ஆறின பிறகு கறுப்புத் திட்டு மாசக்கணக்கில் நிற்கும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னும் அழுத்தமாக. பரு போகவேண்டும் என்று தேய்த்தது, பருவைவிட நீண்ட நாள் தங்குகிற அடையாளத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். ஆகையால் இன்றோடு நிறுத்திவிடு. வெறும் தண்ணீரில் கழுவு, நாலைந்து நாள் அந்தப் பக்கம் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

சமையல் சோடா இதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கும் காரம், அதையும் தொடாதே. பற்பசை பல்லுக்கு மட்டும். வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அதைப் பஞ்சில் நனைத்து மச்சத்தின் மேல் கட்டிப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மச்சத்தை வீட்டில் யாரும் சுடவே கூடாது, பாப்பா. பெரிதாகிற மச்சம், நிறம் மாறுகிற மச்சம், ஓரம் ஒழுங்கில்லாத மச்சம் என்றால் அதை வெட்டி எடுத்துச் சோதித்துப் பார்க்கவேண்டும். மேலே மட்டும் கருக்கிவிட்டு, அடியில் இருப்பது என்னவென்றே தெரியாமல் மூடிவைத்தால் வினை.

"இயற்கையானதுதானே" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. பூண்டும் இயற்கைதான். உன் குளியலறை அலமாரியில் இருக்கும் டீ ட்ரீ எண்ணெயும் இயற்கைதான், ஆனால் பாட்டிலைத் திறந்து நாளாகிக் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையை உண்டாக்கும் தன்மை அதற்குக் கூடும். ஒவ்வாமையில் ஒரு தந்திரம் இருக்கிறது. முதல் தடவை பூசும்போது ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு அந்தப் பொருளை விரோதியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த தடவை பூசினால் ஓரிரு நாளில் அரிப்பு, தடிப்பு, நீர் வடிதல். குறித்துவைத்ததைச் சாமானியமாக மறக்கவும் மறக்காது. ஆகவே "போன மாசம் பூசினேன், ஒண்ணும் ஆகலையே" என்பது சாட்சி ஆகாது. புதிதாக எதையாவது முகத்தில் போட்டே ஆகவேண்டும் என்றால், அதற்கு முன் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு காசளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை போட்டுப் பார். ராத்திரி பூசி விடிந்ததும் பார்ப்பது போதாது. பூண்டுக்கும் எலுமிச்சைக்கும் இந்தப் பரீட்சை வேண்டாம், அவை ஏற்கெனவே பெயில்.

கைவைத்தியம் என்றால் சமையலறைச் சாமான் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. மருந்து டப்பாவில் மிச்சம் கிடக்கும் டியூபும் அதில் சேர்த்திதான். இதிலும் நான் பட்டவன். நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இடுப்பில், பெல்ட் படும் இடத்தில் அரிப்பு வந்தது. வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து மேடாக, நடுவில் தோல் சாதாரணமாக இருந்தது. அம்மாவுக்குப் பூச்சிக் கடிக்கு எழுதிக்கொடுத்த களிம்பு பாதி மிச்சம் இருந்தது. அதைப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு போயே போய்விட்டது. என்ன சந்தோஷம் எனக்கு! நிறுத்தினால் திரும்ப வரும், போட்டால் அடங்கும். இரண்டு மாசம் இப்படியே ஓட்டினேன். வட்டம் கலைந்து, ஓரம் மங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது.

அது படர்தாமரை. பூஞ்சையால் வருவது. அந்தக் களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்ன செய்யும் தெரியுமா? உடம்பு பூஞ்சையோடு போடுகிற சண்டையை அடக்கிவிடும். சண்டை நின்றதும் சிவப்பும் அரிப்பும் குறையும், நாம் குணமாகிறது என்று நினைப்போம். உள்ளே பூஞ்சை கேட்பாரில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். அதன் முகமே மாறிப்போயிருந்ததால் டாக்டராலேயே பார்த்ததும் சொல்ல முடியவில்லை. தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் சொன்னார். சில வாரத்தில் முடியவேண்டியது பல மாசம் இழுத்தது. எரிந்ததை நம்பி உன் காலைக் கெடுத்தேன், எரியாததை நம்பி என் இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். தெரியாத ஒன்றின் மேல் கிடைத்ததைப் பூசினால் நோயோடு அடையாளமும் குழம்பிவிடுகிறது. மஞ்சளை அப்பிக்கொண்டு போனால் சிவப்பு எவ்வளவு என்று டாக்டர் எப்படிப் பார்ப்பார், சொல்.

எல்லாமே தானாக அடங்கும் என்று நான் சொல்லிவிட்டதாகவும் எடுத்துக்கொள்ளாதே. சிலவற்றில் காத்திருப்பதே தப்பு. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலும் வலியும் வந்து, அந்த இடத்தில் கொத்தாகக் கொப்பளங்கள் கிளம்பினால் அது அக்கி. கொப்பளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த மூன்று நாளையும் எதையாவது பூசியே கழிக்கிறவர்கள்தான் அதிகம். நெற்றியிலோ மூக்கின்மேலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து. ராத்திரியில் மட்டும் பிய்த்தெடுக்கிற அரிப்பு, விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருந்தால் அநேகமாகச் சிரங்குப் பூச்சி. அதற்கு வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடவேண்டும், உன் அறைத்தோழிகளையும் சேர்த்து. வெளுத்த திட்டு ஒன்று, அரிப்பும் இல்லை வலியும் இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை என்றால் அதைத் தேமல் என்று விட்டுவிடாதே. தொழுநோயின் முதல் அடையாளம் அப்படித்தான் இருக்கும். சீக்கிரம் பார்த்தால் மாத்திரையிலேயே முழுக்கக் குணமாகிவிடும். சிவப்பு மணிக்கணக்கில் பரவுகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது என்றால் எனக்குப் போன் பண்ணிக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

வீட்டில் எதுவுமே செய்யக்கூடாதா என்று கேட்பாய். செய்யலாம், எல்லாம் சுவாரசியம் இல்லாதவை. சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு, ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். 20 நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். தோல் வறண்டு அரித்தால், குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. தடிப்புக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி. பருவுக்கு மருந்துக்கடையில் கேட்டு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் வாங்கு, மெல்லிசாகப் போட்டு 6 முதல் 8 வாரம் பொறு. தலையணை உறையை வெளுக்கவைத்துவிடும், நல்ல உறையை எடுத்து உள்ளே வைத்துவிடு. எலுமிச்சை பட்ட எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகுதான் அதுவும். கிள்ளாதே. இதை நான் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று தெரியும், அம்மா எழுதச் சொன்னாள்.

அது பருதானா என்பதே எனக்குச் சந்தேகம். நேற்று நீ திரும்பினபோது ஓரத்தில் செதில் மாதிரி ஏதோ தெரிந்தது. நாளைக் காலையில் ஜன்னல் பக்கம் நின்று, பில்டர் இல்லாமல், ப்ளாஷ் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று. பெரிதாகியிருந்தால் டாக்டரிடம் இரண்டையும் காட்டு. எலுமிச்சை தேய்த்ததை வெட்கப்பட்டு மறைக்காதே, முதல் வார்த்தையாக அதைச் சொல். நான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றேன், அவரே கேட்கும்படி ஆயிற்று.

அம்மாவுக்கு அந்தக் கதை அப்போதே தெரியும். ஊரிலிருந்து வந்து கட்டைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உன்னிடம் மட்டும் நாங்கள் சொல்லவேயில்லை. நீயாக எப்படியோ சைக்கிளைக் கற்பனை பண்ணிக்கொண்டாய், எனக்கும் வசதியாகப் போயிற்று. இனி யாராவது கேட்டால் அதன்மேல் பழி போடாதே. அந்தச் சைக்கிள் உன்னை ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை.

அன்புடன்,
அப்பா